சென்னையில் வாங்கிய ஸ்கூட்டரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்ல

பழகுநர் உரிமம் மட்டுமே உள்ளதால், சென்னையில் வாங்கிய பழைய ஸ்கூட்டரை ஓட்டாமல் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்ல வழி கேட்டிருந்தீர்கள். எழும்பூர் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து ரயிலில் அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியிலேயே பயணத்தை முடித்துக்கொள்வதால், இடைநிலையங்களில் நேர்வதுபோல் வண்டியை அவசர அவசரமாக இறக்க வேண்டியிருக்காது. அதே ரயிலில் உங்களுக்குப் பயணச்சீட்டு இருந்தால் லக்கேஜாகவே பதியலாம்.

பதிவுச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் தேவை. பெட்ரோலை முழுவதுமாக வடித்துவிட வேண்டும்; தீ விபத்தைத் தவிர்ப்பதற்கான விதி என்பதால், இதில் சிறிதும் அலட்சியம் வேண்டாம். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு, முகப்பு விளக்கு, கைப்பிடிகள், பக்கவாட்டுப் பகுதிகள் ஆகியவற்றைச் சாக்கினால் நன்றாகச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். ஊர் சேர்ந்ததும் தாமதமின்றி வண்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள். தாமதித்தால் தனிக் கட்டணம் ஏறும்.