சங்ககிரிக் கோட்டை இருட்டறைப் படம்: ஜன்னல் வெளுக்கிறது, சுவர் கறுக்கிறது

வணக்கமுங்க. சிறை அறைக்குள் எடுத்தால் துவாரம் வெள்ளையாக எரிகிறது, சுவர் மையாகிறது, ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் கோளாறு இல்லை. அவ்வளவு வெளிச்ச வித்தியாசத்தை ஒரே படத்தில் எந்த சென்சாரும் முழுசாகப் பிடிக்காது.

ரா ஃபார்மேட்டில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) மூன்று படம் எடுங்கள், ஒன்று நடுவான வெளிச்சத்தில், மற்றவை இரண்டு ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது), அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றிலும் லென்ஸ் திறப்பு எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 மாறக்கூடாது, ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும். தொல்லியல் துறைக் கோட்டை என்பதால் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் ஒரு சின்னப் பையில் அரை கிலோ அரிசி போட்டு, தரையிலோ விழுந்து கிடக்கும் கல்லிலோ வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்காரவைத்து, இரண்டு விநாடி டைமர் போடுங்கள்.

ஃபிளாஷை மறந்துவிடுங்கள். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு உளிக்கொத்தும் நிழலோடு எழுந்து நிற்கும், கல் கல்லாகத் தெரியும். சுவரில் எழுத்து இருந்தால் அது தெளியட்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பது, தண்ணீர் தெளிப்பதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது, நம் கையால் ஒரு கீறல்கூட விழக்கூடாது.

வவ்வால் இருந்தால் டார்ச்சை மேலே அடிக்காதீர்கள். வெயில் ஏறுமுன் மலையேறிவிடுங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும். எடுத்ததும் மூன்று படத்தையும் இங்கே போடுங்கள், சேர்ப்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.