விற்கப்போகிற வீட்டுக்கு மாடியில் மாஸ்டர் பெட்ரூம் தேவையா?

கேள்வி: நங்கநல்லூரில் அப்பா 1979-இல் கட்டிய வீடு. ஒரு கிரவுண்டு மனை, கிழக்குப் பார்த்த வாசல், தரைத்தளம் மட்டும். இரண்டு பெட்ரூம், நடுவில் ஒரு ஸ்டோர் ரூம்; பாத்ரூமும் டாய்லெட்டும் கொல்லைப்பக்கம். அப்பா காலமான பிறகு அண்ணனும் நானும் விற்றுவிட முடிவு செய்திருக்கிறோம். மாடியில் 450 சதுர அடிக்கு அட்டாச்டு பாத்ரூம், டிரெஸ்ஸிங் ரூமோடு ஒரு மாஸ்டர் பெட்ரூம் எடுத்தால் நல்ல விலை போகும் என்கிறார் கான்ட்ராக்டர். 15 லட்சம் கேட்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் வீட்டை வாங்க யார் வருவார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. சாதாரணமாகக் கிடைக்கும் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்று வைத்தாலே 4,800 சதுர அடி கட்டலாம் என்பதால், அந்த மாதிரி மனையை பில்டர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பில்டருக்கு மனைதான் கணக்கு, கட்டடம் இடிக்க வேண்டிய ஒன்று. நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிய டைல்ஸும் டிரெஸ்ஸிங் ரூமும் அதே ஜே.சி.பி.யில் போகும், 15 லட்சத்தில் ஒரு ரூபாய் திரும்பாது. அதனால் தெருவில் நடந்து பாருங்கள், பக்கத்து வீடுகளெல்லாம் ஃபிளாட்டாகிவிட்டதா, இரண்டு மூன்று புரோக்கர்கள் மனையாக எவ்வளவு, வீடாக எவ்வளவு என்று தனித்தனியாக என்ன சொல்கிறார்கள்? இரண்டும் ஒரே தொகை என்றால் பெருக்கித் துடைத்து அப்படியே விற்றுவிடுங்கள்.

குடும்பமாகக் குடிவர வாங்குபவர்தான் வருவார் என்று தெரிந்தாலும் மாடி வேண்டாம் என்பேன். அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் தூண் கிடையாது, 9 அங்குலச் சுவர்தான் பாரம் தாங்கும், அஸ்திவாரத்தை எவ்வளவுக்குப் போட்டார்கள் என்பது அப்பாவுக்கும் மேஸ்திரிக்கும்தான் தெரியும். சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் மேலே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. அது போக, மாடிக்கு அனுமதி வாங்காமல் கட்டினால் வாங்குபவரின் வங்கி அனுப்பும் இன்ஜினீயர் பிளானையும் வீட்டையும் வைத்துப் பார்க்கும்போது லோன் சிக்கலாகும். நங்கநல்லூர் மாநகராட்சிக்குள் வந்ததே 2011-இல்தான், பழைய பிளான் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பீரோவைத் தேடுங்கள்.

சரி, வேறு வழி? நடுவில் இருக்கிற ஸ்டோர் ரூம்தான். அதை பாத்ரூமாக்கி, தென்மேற்கு, அதாவது கன்னி மூலை ரூமிலிருந்து ஒரு கதவு திறந்துவிட்டால் அதுவே மாஸ்டர் பெட்ரூம். ஐந்துக்கு ஏழு இருந்தால் தாராளம். வெளிச்சுவரில் ஒரு வென்டிலேட்டர் வேண்டும். கழிவுக் குழாய் கொல்லைப்பக்கம் ஏற்கெனவே போகிறது, அதனால் தரையை ரொம்ப உடைக்க வேண்டியிருக்காது, வாட்டம் மட்டும் சரியாக வர வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வாட்டர் புரூஃபிங் செய்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் எல்லா கான்ட்ராக்டரும் அவசரப்படுவார். கதவு வெட்டும் இடத்தில் மேலே லின்டல் (சுவரின் பாரம் தாங்கும் உத்தரம்) போடாமல் விடக் கூடாது. வயதான அப்பா அம்மாவோடு ஆஞ்சநேயர் கோயில் பக்கம் வீடு தேடி வருகிறவர்களுக்கு மாடியில் இருக்கும் பெரிய ரூமைவிட, ராத்திரி கொல்லைப்பக்கம் போகாமல் படுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கீழே ஒரு டாய்லெட் இருப்பது பெரிய விஷயம். வாஸ்து பார்க்கிறவர்களும் கன்னி மூலையில் பெட்ரூம் என்றால் முகம் சுளிக்க மாட்டார்கள். (ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில் மட்டும் டாய்லெட் வைத்துவிடாதீர்கள், வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.)

எது செய்தாலும் பில் வாங்குங்கள். இந்த மாதிரி கட்டுமானச் செலவை விற்பனை லாபத்தில் கழித்துக் காட்டலாம், பெயின்ட் அடித்ததை அப்படிக் காட்ட முடியாது. 2001-க்கு முன்னால் வந்த சொத்து என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், லாபத்துக்கு வரி 12.5 சதவீதமா, இன்டெக்சேஷனோடு (அடக்க விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் காட்டுவது) 20 சதவீதமா, எது லாபம் என்று ஆடிட்டர் போட்டுத் தருவார். அப்புறம், பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறதா? அப்படியென்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி உங்கள் இருவர் பேருக்கும் மாற்றும் வேலையை, மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள்.