கடைத்தெரு கேள்வி-பதில்: ஹீட்டர் ஒழுகுது, டேஷ்போர்டைக் கழற்றணும்னு சொல்றாங்க

மார்கழிப் பனிக்கு ஹீட்டரைத் திருப்பிய பலர் இந்த முறை எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய கார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

2008 மாடல் கார். காலையில் முன் கண்ணாடி உள்பக்கமாக மங்குகிறது. இடது பக்கம் உட்காருபவரின் காலடி மேட் நனைந்திருக்கிறது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹீட்டர் கோர் போச்சு, டேஷ்போர்டு முழுக்கக் கழற்றணும், 14,000 ஆகும்" என்கிறார். நம்பலாமா? – காட்பாடி வாசகர்

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் எட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவமான கூலன்ட், அங்கே சூடாகி ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் வந்து இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். புளோயர் காற்று அதன் மேல் பட்டு உங்களுக்குச் சூடாக வரும். அதில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் காலடியில் இறங்கும், ஆவி கண்ணாடியில் படியும்.

ஆனால் காலடி நனைய வேறு காரணங்களும் உண்டு. ஏசியின் கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதில் தூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். வேலூர் வெயிலில் வருஷத்தில் பாதி நாள் ஏசி ஓடும் காருக்கு இது சகஜம். காற்று அடித்து அடைப்பை எடுத்தால் வேலை முடிந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் போயிருந்தால் மழைத் தண்ணீரும் இறங்கும்.

பிரித்தறிவது வீட்டிலேயே முடியும். வெள்ளைத் துணியை ஈரத்தில் ஒற்றிப் பாருங்கள். வழவழப்பு, பச்சையோ சிவப்போ ஒரு நிறம், தித்திப்பான வாடை இருந்தால் கூலன்ட். நிறமும் வாடையும் இல்லாவிட்டால் ஏசித் தண்ணீர் அல்லது மழை. ஏசியே போடாமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். அப்போதும் நனைந்தால், கூடவே கூலன்ட் டப்பாவில் அளவும் இறங்கினால், மெக்கானிக் பக்கம் நியாயம் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்காக இழுபடுவதும் அதே அடையாளம்தான். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். ஒழுகிய இடத்தில் குழந்தையையும் நாயையும் விடாதீர்கள்.

அதற்குப் பிறகும் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினால், கசிவு இருக்கும்போது முள் இறங்கும். சில சமயம் கோர் நன்றாகவே இருக்கும். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தோ, குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையம் காய்ந்தோ ஒழுகும். அதற்கு 14,000 எதற்கு?

கோர்தான் போயிற்று என்று உறுதியானால், செலவில் பெரும்பகுதி கூலிதான் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பல கார்களில் டேஷ்போர்டை இறக்கினால்தான் கை எட்டும். அது ஒரு நாள் வேலை, அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள். எஸ்டிமேட்டில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஏசி கேஸை எடுத்து மறுபடி நிரப்ப வேண்டி வருமா, அது இந்தத் தொகைக்குள் அடங்குமா? ஹீட்டர் ஹோஸும் புதிதாகப் போடுவார்களா? டேஷ்போர்டு திறந்திருக்கும்போது பழைய ஹோஸை அப்படியே விடுவது பெரிய தப்பு. காலடி மேட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சையும் வெயிலில் காயப்போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாடையும் போகாது, தகடும் துருப்பிடிக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? இரண்டு ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் 500 ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். – ஆம்பூர் வாசகர்

செய்யலாம். நல்ல மெக்கானிக்கே சொல்லக்கூடிய வழிதான் இது. ஆனால் ஹோஸ் வாயில் போல்ட்டைச் சொருகி அடைக்க விடாதீர்கள். சில என்ஜின்களில், சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் கூலன்ட் சுற்றுவதே ஹீட்டர் வழியாகத்தான். U வடிவக் குழாய் வைத்து, மடங்காமல் சேர்க்க வேண்டும். கூலன்டுக்கென்று வரும் ஹோஸ்தான் போட வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிப் போட்ட சாதா ரப்பர் ஹோஸ், அந்தக் கோடைக்குள்ளேயே ஊதிப்போய் வாலாஜா டோல்கேட் பக்கத்தில் வெடித்தது.

நீங்கள் இழப்பது என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். என்ஜின் சூடேறும்போது ஹீட்டரை முழுக்கத் திறந்து கொஞ்சம் சூட்டை இறக்கும் அவசர வழி போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அது உதவும். பனி மூடும்போது கண்ணாடியைத் தெளிய வைக்க ஏசி போதும், அது வேலை செய்கிற வரை. காரை விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹீட்டர் கோர் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – குடியாத்தம் வாசகர்

வேண்டாம். அதே வயசுள்ள காரிலிருந்து கழற்றியது, அதே கூலியை நீங்கள் இரண்டு தடவை கொடுப்பீர்கள்.

ஆறு மாதத்துக்கு முன் ஹீட்டர் கோர் மாற்றியதாக 12,500 வாங்கினார்கள். போன வாரம் குடும்பத்தோடு ஊட்டி போனோம். ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. அங்கே ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இரண்டு ஹோஸும் சேர்த்துக் கட்டியிருப்பதைக் காட்டினார். கோரை மாற்றவே இல்லை. பில் இருக்கிறது. எங்கள் ஊர் ஷெட்டில் கேட்டால், "உங்களுக்கு ஒழுகல் நின்னுச்சா இல்லையா?" என்கிறார்கள். – ராணிப்பேட்டை வாசகர்

படிக்கும்போதே கோபம் வந்தது. 500 ரூபாய் வேலையைச் செய்துவிட்டு, வாங்காத பாகத்துக்கும் கழற்றாத டேஷ்போர்டுக்கும் உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஒழுகல் நின்றதா என்பது கேள்வியே இல்லை. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இனி எதையும் கழற்ற விடாதீர்கள். சேர்த்துக் கட்டிய ஹோஸை வண்டி நம்பர் தெரியும்படி வீடியோ எடுங்கள். வேறொரு ஒர்க் ஷாப்பில் காட்டி, "பழைய கோரே உள்ளது, டேஷ்போர்டு கழற்றப்பட்ட அடையாளம் இல்லை" என்று அவர்கள் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். பில், பணம் கட்டிய ஆதாரம் இரண்டையும் நகல் எடுத்து, பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கொடுத்து ஷெட்டுக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 12,500-ஓடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். விட்டுவிடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

பில் போட்டால் 14,160, பில் இல்லாமல் 12,000 என்கிறார்கள். பில் இல்லாமலே வாங்கிக்கொள்ளலாமா? – சத்துவாச்சாரி வாசகர்

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாத மாதமே இல்லை. மறுபடியும் சொல்கிறேன்.

அந்த 2,160 ரூபாய் 18 சதவீத ஜிஎஸ்டி. அது உங்களுக்குத் தரும் தள்ளுபடி என்று நினைக்கிறீர்கள். இல்லை. அதைக் கொடுத்து அவர் உங்கள் வாயை வாங்கிக்கொள்கிறார். நாளைக்குக் கோர் மறுபடி ஒழுகினால், "நீங்க இங்க வந்ததே இல்லையே சார்" என்று சொல்ல அவருக்கு வழி கிடைக்கிறது. மேலே ராணிப்பேட்டைக்காரர் நிமிர்ந்து சண்டை போட முடிவது கையில் பில் இருப்பதால்தான்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன ஷெட்டுகளும் நிறைய உண்டு. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. அவர்கள் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, ஆனால் ரசீது தரலாம், தர வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது 2019 சட்டம். ஆகவே "நாங்க சின்னக் கடை சார்" என்பது பதிலே ஆகாது. ரசீதில் "ஹீட்டர் வேலை" என்று ஒற்றை வரி போதாது. பாகத்தின் பெயர், கம்பெனி, புதியதா பழையதா, கூலி தனியாக, எத்தனை மாத வாரன்ட்டி, வண்டி நம்பர், கிலோமீட்டர் எல்லாம் இருக்க வேண்டும்.

அப்புறம் பழைய பாகம். வண்டியை விடும்போதே, "கழற்றியதை எனக்குத் தரணும்" என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் சொத்து. பித்தளை, செம்பு கோராக இருந்தால் பழைய இரும்புக் கடையில் நல்ல விலைக்கே போகும், அதனால்தான் பல இடத்தில் "தூக்கிப் போட்டுட்டோம்" என்பார்கள். உங்கள் வண்டியில் வேலை நடந்ததற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். வேலூரில் ஒழுங்காக பில் போட்டு, பழையதைக் கவரில் கட்டிக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நாம் பில் கேட்காததால், அவர்கள்தான் விலை அதிகமானவர்களாகத் தெரிந்து வாடிக்கையை இழக்கிறார்கள்.

ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டோம். நின்றது. இப்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. – வாணியம்பாடி வாசகர்

மஞ்சள் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. மெல்லிய குழாய் எல்லாவற்றையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப்பரும் பெரும்பாலும் அப்படித்தான். வண்டியை ஓட்டாதீர்கள், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சூடேறி, என்ஜினின் மேல்பாகம் சேரும் இடத்தில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் ஹீட்டர் கோரைப் போல் பல மடங்கு செலவு.

புது கோர் ஆர்டர் போட 15,000 முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. ஒன்றரை மாதமாக பாகம் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. – வாலாஜாப்பேட்டை வாசகர்

முழுப் பணம், ரொக்கம், ரசீது இல்லை. இந்த மூன்றையும் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன். இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில், "இந்தத் தேதியில் கொடுத்த 15,000-க்குக் கோர் எப்போது வரும்?" என்று அனுப்புங்கள். "அடுத்த வாரம்" என்று பதில் வந்தால் பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915-க்குப் பேசுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா? – ஆற்காடு வாசகர்

கூடாது. பாலாற்றங்கரையில் பல இடத்தில் தண்ணீர் உப்பு. அது உள்ளே படிந்து அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி, அல்லது கலந்தே வரும் கூலன்ட். எந்த வகை என்று காரின் கையேட்டில் பாருங்கள், நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் காரில் ஹீட்டர் கோர் ஒழுகுவதை வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? – திருப்பத்தூர் வாசகர்

புது மேட்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். நான் வாங்கிய பழைய கார் ஒன்றில் பளபளவென்று புது மேட், டேஷ்போர்டில் மல்லிகை வாசனை. கீழே ஸ்பாஞ்ச் ஊறிக் கிடந்ததும், தகடு துருப்பிடித்திருந்ததும் பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. விற்றவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது.

மேட்டைத் தூக்கி ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள். வாசனைப் புட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கண்ணாடி ஏற்றி, என்ஜின் சூடானதும் ஹீட்டரை முழுக்கத் திறந்து பத்து நிமிஷம் உட்காருங்கள். தித்திப்பு வாடையோ மங்கலோ வந்தால் கோர் ஒழுகுகிறது. சூடே வராவிட்டால் ஹோஸைச் சேர்த்துக் கட்டியிருக்கலாம், பானெட்டைத் திறந்து பாருங்கள். பேரம் பேச அது போதும்.

தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் போவது கஷ்டம். டீலர் என்றால் போகலாம். பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர் ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.