யார்டு சேலில் குழந்தைப் பொருட்கள்: எதை விற்கலாம், எதை உடைத்துப் போடணும்?

கேள்வி: அமெரிக்காவில் ஊர் மாறுகிறோம். 2009-இல் வாங்கிய குழந்தைக் கட்டில் கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. ஒரு பக்கத் தடுப்பு மட்டும் மேலும் கீழும் இறங்கும். யார்டு சேலில், அதாவது வீட்டு வாசலில் போடும் பழைய பொருள் விற்பனையில், வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். தடுப்பு இறங்கும் வகைக் கட்டிலை 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் விற்கக் கூடாது. புதிது, பழையது என்ற பேதம் இதில் இல்லை. தடுப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் நாளாக ஆக விரிசல் விடும், திருகுகள் தளரும். ஒரு மூலை மட்டும் இறங்கி, மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே இடைவெளி விழும். குழந்தையின் உடல் அதில் நழுவி, கழுத்து மாட்டிக்கொள்ளும். 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்த பிறகுதான் தடை வந்தது. கீறல் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கோளாறு இருப்பது கொக்கியில்.

தடுப்பை அசையாமல் பூட்டும் கிட்டைச் சில கம்பெனிகள் அனுப்பின. அதை மாட்டினால் ஆபத்து குறையும், ஆனால் அதனாலேயே கட்டில் 2011-இல் வந்த புதிய தரத்துக்கு வந்துவிடாது. அந்தத் தரம் கம்பிகளின் வலு, மெத்தைத் தாங்கி, திருகு தளராமை எல்லாவற்றையும் சோதிக்கிறது. ஆகவே தடுப்பு இறங்காத கட்டிலாக இருந்தாலும், லேபிளில் 2011 ஜூனுக்கு முந்தைய தயாரிப்புத் தேதி இருந்தால், புதிய தரத்துக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லாதவரை விற்க வேண்டாம். கழற்றி, பாகங்களை உடைத்துக் குப்பைக்குப் போடுங்கள். முழுசாகத் தெருவோரம் வைத்தால் யாராவது எடுத்துப்போய் மாட்டிவிடுவார்கள்.

கட்டிலோடு வந்த பஞ்சு வைத்த சுற்றுத் தடுப்பு இருக்கிறதா? அதையும் போடுங்கள். 2022 நவம்பர் 12 முதல் அதுவும் தடை. எப்போது செய்ததானாலும் சரி. கைக்குழந்தை தூங்குவதற்கென்றே செய்த, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளுக்கும் அதே தேதி, அதே விதி.

கேள்வி: ஒரு பொருள் ரீகால் ஆகியிருக்கிறதா, அதாவது ஆபத்து என்று திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நான் கடைக்காரர் இல்லையே?

பதில்: கடைக்காரர், தொண்டு நிறுவனம், வீட்டு வாசலில் மேசை போடுபவர் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ரீகால் ஆன பொருளை யாரும் விற்கக் கூடாது. கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால், தெரிந்தே விற்றதாகத்தான் கணக்கு.

பொருளைக் கவிழ்த்து லேபிளைப் பாருங்கள். மாடல் எண், தயாரிப்புத் தேதி, கம்பெனிப் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சியின் ரீகால் பக்கத்தில் தேடுங்கள். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் தப்பு நடக்கும்: ஒரே பெயரில் பல மாடல்கள் இருக்கும், ரீகால் சில மாதத் தயாரிப்புக்கு மட்டும் இருக்கும். லேபிள் கிழிந்துபோன குழந்தைப் பொருளை விற்காமல் விடுவதே மேல்.

ரீகால் அறிவிப்பில் இலவசப் பாகமோ பழுதுபார்ப்போ சொல்லியிருந்தால், சொன்னபடி செய்து முடித்த பின் விற்கலாம். குழந்தைகளின் கார் சீட்டுக்குத் தேட வேண்டிய இடம் வேறு, சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ. சீட்டிலேயே காலாவதித் தேதியும் இருக்கும். விபத்தில் இருந்ததா என்று தெரியாத சீட்டை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய பொம்மைகளில் ஈயம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழைய பொருள் விற்பவரிடம் சோதனைச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. 2008-இல் வந்த பொருள் பாதுகாப்புச் சட்டம் குழந்தைப் பொருட்களின் ஈய அளவை 600, பிறகு 300, கடைசியில் 2011-இல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) என்று இறக்கிக்கொண்டே வந்தது. பழைய பொருள் கடைகள் திணறிப்போயின. 2011 ஆகஸ்டில் வந்த திருத்தம், பயன்படுத்திய குழந்தைப் பொருட்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. நியாயமான திருத்தம்தான், பழைய புத்தகத்தையும் சட்டையையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வது யாருக்கும் கட்டுபடியாகாது.

விலக்குக்கு ஓட்டைகள் உண்டு. குழந்தைகளின் உலோக நகைக்கு விலக்கு இல்லை. உலோக வளையல், சங்கிலியை ஒதுக்கிவிடுங்கள். ஈயம் அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் விலக்கு இல்லை. பெயின்ட்டுக்குத் தனி வரம்பு, 90 பிபிஎம். ஈய பெயின்ட்டுக்குத் தடை வந்த 1978-க்கு முந்தைய, பெயின்ட் உதிரும் மர பொம்மை அலமாரியில் அழகாக இருக்கும், விற்பனைக்கு ஆகாது. தடவிப் பார்க்கும் வீட்டுக் கிட் ஈயம் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்; அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: துணி, டிராயர் அலமாரி, சைக்கிள் ஹெல்மெட்?

பதில்: 2டி (சுமார் இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவு) முதல் 12 வரையிலான அளவு ஜாக்கெட், ஸ்வெட்டரில் தொப்பிக் கயிறு இருந்தால் முழுக்க உருவிவிட்டு விற்கலாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்குவது அந்தக் கயிறுதான். முனையை மட்டும் வெட்டி விடாதீர்கள். ஹெல்மெட்டின் உள்ளே சிபிஎஸ்சி தரச் சீட்டு இருக்கணும். 1999 மார்ச் 10-க்குப் பின் செய்த எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். அலமாரி சாயாமல் இருக்கும் புதிய தரம் 2023 செப்டம்பர் 1-க்குப் பின் செய்தவைக்குத்தான். பழையதை, ரீகால் இல்லையென்றால் விற்கலாம். சுவரோடு கட்டும் பட்டையையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டு மேல் டிராயரில் ஒட்டிக் கொடுங்கள்.