சார்புத் திசைவேகம் புரியவில்லை என்பதற்காகப் பிரிவை மாற்ற வேண்டுமா?

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு,

காலாண்டுத் தேர்வில் இயற்பியல் மதிப்பெண் குறைந்ததால், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளை வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடைத்தாளைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்றே சொல்கிறேன். அவர் கணக்குப் போடுவதில் தவறவில்லை. வேகத்தையும், திசையும் சேர்ந்த வேகமான திசைவேகத்தையும் ஒன்றாக எண்ணியதும், யாரைப் பொறுத்து என்று கேட்காமல் கணக்கைத் தொடங்கியதும்தான் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கின்றன.

மணிக்கு 12 கி.மீ., 9 கி.மீ. வேகத்தில் ஒரே திசையில் செல்லும் இரு படகுகளில் ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றதன் வேகம் 3 கி.மீ.; எதிரெதிரே வந்தால் 21 கி.மீ. இப்படி ஒன்றைப் பொறுத்து மற்றொன்றுக்கு உள்ள திசைவேகமே சார்புத் திசைவேகம். இரண்டிலும் அவர் 3 என்றே எழுதியிருக்கிறார். திசைக்குக் கூட்டல், கழித்தல் குறியிட்டுப் பழகினால் இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

நீரோட்டக் கணக்குக்கு நீங்களே அவருடன் அமர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நேர் வடக்கே 4 கி.மீ. தொலைவில் நங்கூரமிட்ட வலையின் மிதவை இருக்கிறது. படகு நீரைப் பொறுத்து மணிக்கு 10 கி.மீ. செல்லும், நீரோட்டம் கிழக்கு நோக்கி 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முகப்பை வடக்கே பிடித்தால் 24 நிமிடத்தில் 4 கி.மீ. வடக்கே போயிருப்பீர்கள், ஆனால் மிதவைக்கு 2.4 கி.மீ. கிழக்கே நிற்பீர்கள். முகப்பை ஏறத்தாழ 37 பாகை மேற்கே திருப்பி ஓட்டினால், வடக்கு நோக்கிய வேகம் 8 கி.மீ.யாகக் குறைந்து, 30 நிமிடத்தில் மிதவையை நேரே அடையலாம். அதே வலை நங்கூரமின்றி நீரோடு மிதந்து போகும் வழிவலையாக இருந்தால் முகப்பைத் திருப்பவே வேண்டியதில்லை. படகையும் வலையையும் நீர் ஒன்றாகவே இழுப்பதால் 24 நிமிடம் போதும். இந்த வேறுபாட்டைக் கடலில் நீங்கள் கணக்கில்லாமலே அறிந்திருப்பீர்கள். அவருக்குத் தேவை அதைக் காகிதத்தில் அம்புக்குறிகளாக வரைந்து பார்ப்பதுதான். (உங்கள் படகின் ஜி.பி.எஸ். கருவி காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். அது நாட் என்ற கடல் வேக அலகில் காட்டினால், 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.)

கப்பல் அதிகாரியாக வேண்டும் என்பது அவர் விருப்பமென்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பாடத்தைத் தவிர்க்கவே முடியாது. நெருங்கிவரும் கப்பல் தெரியும் திசைக்கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறாதிருந்தால் மோதல் அபாயம் உண்டு என்றே கொள்ள வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் உள்ளது. கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைகிறது என்றால், சார்புத் திசைவேகம் நேராக நம்மை நோக்கி இருக்கிறது என்று பொருள். ரேடார் திரையில் அதிகாரி நாள்தோறும் பார்ப்பதும் இதைத்தான்.

இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நாட்டிகல் சயின்ஸ் (கப்பல் செலுத்தும் அறிவியல்) படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். வணிகவியலுக்கு மாறினால் அந்த வழி அடைபட்டுவிடும். மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: நிறக்குறைபாடு உள்ளவர்களை இப்பணிக்கு எடுப்பதில்லை என்பதால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒரு கண் மருத்துவரிடம் அவருக்கு நிறப்பார்வைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.