அத்தைக்கு ஒரு புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டச் செயலாளர் நான். நவம்பரில் நூலக வார விழாவுக்கு ஒரு பரிந்துரைப் பலகை வைக்கப் போகிறோம். நாவல், சிறுகதை, வரலாறு, அறிவியல், பயணம், சிறுவர் நூல் என்று பத்து வகை. வகைக்கு ஐந்தாக உங்களுக்குப் பிடித்த ஐம்பது புத்தகங்களைச் சொல்ல முடியுமா? இங்கே வருகிறவர்கள் குடும்ப நாவலையும் துப்பறியும் கதையையும் தாண்டுவதே இல்லை. எப்படியாவது அவர்கள் ரசனையை உயர்த்த வேண்டும். செல்பேசி வந்தபின் நூலகத்துக்கு எதிர்காலம் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

செல்பேசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். உங்கள் நூலகத்துக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

கடிதம் வந்த அன்று என் அத்தையின் திதி. காலையிலிருந்தே அவர் நினைப்பாக இருந்தது. அத்தை எட்டாவது வரை படித்தவர். நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அதே குடும்ப நாவல்கள்தான் படிப்பார். அவற்றை எடுத்து வருவது என் வேலை. சனிக்கிழமை காலையில் மஞ்சள் பையோடு போவேன். முத்திரை குத்தும்போது நூலகர், "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். ஒருநாள் சொன்னேன்: அத்தையின் மாமியார் படுத்த படுக்கையாகி ஏழு மாதம் ஆகிறது, டாக்டர் வரும்போதெல்லாம் 'பார்க்கலாம்' என்கிறார், வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். தடிமனான ஒரு புத்தகத்தோடு வந்தார். "இதையும் கொண்டுபோய்க் கொடு. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பு. வங்காளத்தில் 1953இல் வந்த நாவல். நாடியைப் பிடித்தே மரணம் நெருங்குவதைச் சொல்லிவிடும் ஒரு கிராமத்து வைத்தியரின் கதை. தன் சொந்த மகனின் நாடியிலும் ஒருநாள் அதை அவர் கண்டுகொள்கிறார்.

அத்தை அதை மூன்று முறை புதுப்பித்தார். உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் அதற்கு முன் நான்கே முத்திரைகள். பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிப்பார். கொஞ்ச நாளில் பாட்டிக்கே வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். ஒரு ராத்திரி பாட்டி, "எனக்கும் இப்படி யாராவது கையைப் பிடிச்சுச் சொன்னா தேவலை" என்றார். அன்றைக்குத்தான் இருவரும் முதல்முறையாக அதைப் பேசினார்கள். எந்தப் புடவை, தோடு யாருக்கு, இருபது வருடமாகப் பேச்சு இல்லாத தம்பிக்குச் சொல்லி அனுப்பலாமா. தம்பி வந்தார்.

அப்புறம் அத்தை என்ன படித்தார் என்று கேட்கிறீர்களா? குடும்ப நாவல்தான். கடைசிவரை அதேதான். ரசனையை உயர்த்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளெல்லாம் உழைத்துவிட்டு வெயிலில் நடந்து வந்து ஒருவர் புத்தகம் எடுக்கிறார். அவர் கையில் இருப்பதைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்தால் அடுத்த வாரம் வரமாட்டார். அவர் என்ன படிக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்கள். ஏன் படிக்கிறார் என்று ஒருவரிடமாவது கேட்டீர்களா?

எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1931இல், நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். ஒன்றையே திருப்பிச் சொன்னதுபோல இருக்கும். யோசித்துப் பாருங்கள். இரண்டாவதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், மூன்றாவதற்கு அலமாரியைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் நூலகருக்கு இரண்டும் தெரிந்திருந்தது. நான்கே பேர் எடுத்துப் போன புத்தகம் எந்தத் தட்டில் கிடக்கிறது என்பதும் தெரியும், யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பதும் தெரியும். ஐம்பது பெயர் எழுதிய பலகை வாசலில் நின்றால் அத்தை அதைப் படித்திருக்கக்கூட மாட்டார். கண்ணில் பட்டிருந்தாலும், ஒரு வங்காள நாவல் தன் வீட்டுக் கட்டிலைப் பற்றியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? (உங்கள் ஊரில் கிழிந்துவிடும் என்று நல்ல புத்தகங்களை பீரோவில் பூட்டி வைத்திருந்தால் முதலில் அந்தச் சாவிக்காகச் சண்டை போடுங்கள். ரங்கநாதன் திறந்த அலமாரிக்காக வாதாடியவர்.)

வகை பிரிப்பது புத்தகத்தை அடுக்க வசதி. படிக்கிறவரை அப்படிப் பிரிக்காதீர்கள். துப்பறியும் கதை மட்டுமே எடுக்கும் பையனிடம் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுங்கள். கொலை செய்தது யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், ஆனாலும் அந்தப் பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் ஒளிந்து திரிகிற நாட்களைக் கீழே வைக்க முடியாது. 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானிய நூல் சிறுவர் பகுதியில் இருக்கும். பள்ளியிலிருந்து தினமும் புகார் வாங்கி வருகிற பிள்ளையின் அம்மாவிடம் அதைக் கொடுங்கள். வேறு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி பேசப் பேச, ஒரு தலைமை ஆசிரியர் முதல் நாளிலேயே நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். செய்தித்தாள் மட்டும் படித்துவிட்டுப் போகும் பெரியவருக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. இயற்கையைப் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள், உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றை முடித்துவிடலாம்.

சரி, பட்டியலை அனுப்பப் போவதில்லை. வரும் சனிக்கிழமை நூலகரைக் கேட்டுக்கொண்டு அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். புத்தகம் திருப்ப வருகிற முதல் ஐந்து பேரிடம், இதில் எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை, பெயர் வேண்டாம், சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.