கட்டிலில் ஏற்றாதீர்கள், தரையில் கிடத்துங்கள்

கேள்வி: மன்னார்குடி அருகே உள்கிராமம். களத்துமேட்டில் பெரியப்பா திடீரென்று சாய்ந்துவிட்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததால் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி விசிறிவிட்டு, கார் வந்ததும் கொண்டுபோனோம். வழியிலேயே போய்விட்டார். நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டுமா? விலா எலும்பு முறியாதா?

பதில்: அழுத்தியிருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மூச்சே அல்ல. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள், கரையில் போட்ட மீனைப் போல வாய் திறந்து மூடும். குறட்டைச் சத்தமும் வரும். படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் அதுவே போதும். நாடி தேடாதீர்கள்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் அவரைக் கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள்; கட்டிலில் அழுத்தினால் கயிறுதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியலாம், முறிந்தால் கூடிக்கொள்ளும். ரத்தம் போகாத மூளை நான்கைந்து நிமிடங்களில் கெடத் தொடங்கிவிடும், அது திரும்பாது.

வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவதே போதும். ஆனால் ஆற்றில், குளத்தில் மூழ்கியவருக்கு அது போதாது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் இதை மறக்காதீர்கள். அவருக்கு மூச்சு முட்டித்தான் இதயம் நின்றிருக்கிறது. பிராணவாயு இல்லாத ரத்தத்தைச் சுற்றவிட்டு என்ன பயன்? தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, முதலில் ஊதுங்கள். பிறகு 30 அழுத்தம், 2 ஊதல். தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். ஊதவே தெரியாதா? சும்மா நிற்காமல் அழுத்துங்கள்.

இருமினால் இதயம் ஓடும் என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். நினைவற்றவர் வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள். தேர்த் திருவிழாவுக்கு ஊரெங்கும் மைக் செட் கட்ட முடிகிறது, இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஒரு கருவியை வாங்கி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. ஒரு பிற்பகலில் கற்றுத்தரக்கூடிய இந்த நெஞ்சழுத்தும் முதலுதவியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க இன்னும் எத்தனை கூட்டம் போடுவார்களோ!

கமிஷனுக்கு ஓடும் சில தனியார் ஆம்புலன்ஸ்களிடம் கவனமாக இருங்கள். "அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை" என்று சொல்லி, அதைத் தாண்டி எங்கோ கொண்டுபோவார்கள். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போகிறோம் என்பதை வண்டியில் ஏற்றும் முன்பே நீங்கள் சொல்லுங்கள், ஓட்டுநர் சொல்லக்கூடாது.